ஒரே 4 ஸ்டார்... ஒரே தரமா? டிஸ்னி வேர்ல்டு உணவக ரேட்டிங்கை எப்படிப் படிக்கணும்?

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 1971 அக்டோபர் 1-ம் தேதி திறக்கப்பட்ட இந்த வளாகத்தில் இப்போது 4 தீம் பார்க்குகள், 2 வாட்டர் பார்க்குகள், 20-க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் உள்ளன. சாப்பிடுவதற்கு மட்டும் 200-க்கும் அதிகமான இடங்கள். கவுண்டரில் வாங்கும் பர்கர் தொடங்கி, ஒரு ஆளுக்கு சில நூறு டாலர் ஆகும் விருந்து வரை எல்லாமே அங்கே கிடைக்கும்.

இத்தனை கடைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலானோர் பார்ப்பது ஸ்டார் ரேட்டிங்கைத்தான். ஆனால், அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கு.

தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்?

பணம் போகும். டிஸ்னியில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். புக் செய்துவிட்டு சொல்லாமல் வராமல் போனால், பல உணவகங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள்.

மிக்கி மவுஸ் போன்ற கதாபாத்திரங்கள் டேபிளுக்கே வரும் உணவகங்களில், ஒரு பெரியவருக்கான கட்டணம் 50 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதாவது நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தால் 200 டாலருக்கு மேல். வரியும் டிப்ஸும் தனி. ஊர் போய்ச் சேருவதற்கு இரண்டு மாதம் முன்பே, ருசி பார்க்காமலேயே எடுக்கும் முடிவு இது. கையில் இருக்கும் ஒரே துணை, மற்றவர்கள் கொடுத்த ரேட்டிங்.

மதிப்பெண் போடுவது யார்?

மூன்று வகையினர் இருக்கிறார்கள்.

முதல் வகை, அடையாளத்தைச் சொல்லாமல் வந்து சாப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளர்கள். மிச்செலின் கைடு இந்த வகை. டிஸ்னி வேர்ல்டின் கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டலில் உள்ள ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்’ உணவகம், 2024-ல் ஒரு மிச்செலின் ஸ்டார் பெற்றது. மிச்செலின் ஆய்வாளர்கள் பார்ப்பது தட்டில் இருப்பதை மட்டும்தான். பொருட்களின் தரம், சமைக்கும் திறமை, சுவைகளின் பொருத்தம், சமையல் கலைஞரின் தனித்தன்மை, ஒவ்வொரு முறையும் அதே தரம் இருக்கிறதா என்பவை அவர்களின் அளவுகோல்கள். அலங்காரத்துக்கும் ஜன்னல் காட்சிக்கும் அங்கே மார்க் கிடையாது.

இரண்டாவது வகை, வழிகாட்டி நூல்கள். டிஸ்னி ரசிகர்களிடம் பிரபலமான ‘தி அன்அஃபிஷியல் கைடு டு வால்ட் டிஸ்னி வேர்ல்டு’ நூல், உணவின் தரத்துக்குத் தனியாகவும், கொடுக்கும் காசுக்கு ஈடா என்பதற்குத் தனியாகவும் மதிப்பிடுகிறது. வாசகர்களில் எத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்தது என்பதையும் பக்கத்திலேயே போடுகிறது.

மூன்றாவது வகை, பொதுமக்கள். கூகுள், டிரிப்அட்வைசர் தளங்களில் நாம் பார்க்கும் 5-க்கு இத்தனை என்ற எண் இவர்கள் கொடுப்பது. உணவு, சேவை, விலை, குழந்தையின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே எண்ணாகிவிடுகிறது.

மிக்கி வந்தால் மார்க் ஏறுமா?

கன்டெம்பரரி ஹோட்டலில் இருக்கும் ‘செஃப் மிக்கிஸ்’ ஒரு பஃபே உணவகம். மிக்கியும் நண்பர்களும் டேபிள் டேபிளாக வந்து குழந்தைகளோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மேஜிக் கிங்டம் பார்க்கில் உள்ள ‘சின்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள்’ கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இங்கே 5 ஸ்டார் போடும் பெற்றோர், பிரெட் டோஸ்ட்டுக்கு மார்க் போட்டாரா, மகளின் சந்தோஷத்துக்குப் போட்டாரா? எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு உதாரணம், அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள ‘சனா’. ஆப்பிரிக்க, இந்திய சுவைகளைக் கலந்து தரும் உணவகம். நான் முதலான ரொட்டிகளோடு 9 வகை சட்னி, ஊறுகாய், ரைத்தா தரும் ‘பிரெட் சர்வீஸ்’ இங்கே ரொம்ப ஃபேமஸ். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். பகலில் போனவருக்கு அது காட்சியோடு சேர்ந்த சாப்பாடு. இருட்டிய பிறகு போனால் ஜன்னலுக்கு வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. சமையலறை ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் கிடைத்த அனுபவம் வேறு. அதனால் ரேட்டிங்கும் மாறலாம்.

ஒரே சராசரி, வேறு வேறு கதை

ஒரு சின்ன கணக்கு. முதல் உணவகத்துக்கு 100 பேரும் 4 ஸ்டார் போடுகிறார்கள். சராசரி 4. இரண்டாவது உணவகத்துக்கு 75 பேர் 5 ஸ்டார், 25 பேர் 1 ஸ்டார் போடுகிறார்கள். சராசரி அதே 4.

முதல் உணவகத்தில் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. இரண்டாவதில் நான்கில் ஒருவர் கோபத்தோடு எழுந்து போயிருக்கிறார். திரையில் தெரிவது என்னவோ ஒரே எண்தான்.

எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதும் முக்கியம். 10 பேர் 5 ஸ்டார் கொடுத்த கடைக்கு, 11-வது ஆள் 1 ஸ்டார் போட்டால் சராசரி 4.6 ஆகச் சரியும். 1,000 பேர் 5 ஸ்டார் கொடுத்த கடையில் அதே ஒரு ஆளால் சராசரி அசையக்கூட அசையாது.

எழுத வருவது யார்?

சாப்பிட்ட எல்லோரும் ரிவ்யூ எழுதுவதில்லை. ரொம்பப் பிடித்தவர்களும், ரொம்ப எரிச்சலானவர்களும்தான் அதிகம் எழுதுகிறார்கள். ‘பரவாயில்லை’ என்று நினைத்தவர் பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆன்லைன் ரிவ்யூக்களை வரைபடமாகப் போட்டால், 5 ஸ்டார் பக்கம் பெரிய மேடு, 1 ஸ்டார் பக்கம் சின்ன மேடு, நடுவில் பள்ளம் என ஆங்கில ‘ஜே’ எழுத்து வடிவில் வருவதை 2009-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது.

எதிர்பார்ப்புக்கும் பங்கு உண்டு. அனிமல் கிங்டம் பார்க்கில் 2017-ல் திறக்கப்பட்ட ‘சாட்டுலி கேன்டீன்’ கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் வகை. பர்கரை நினைத்துப் போனவருக்கு, அரிசி, காய்கறி, கிரில் செய்த இறைச்சி அடங்கிய கிண்ணம் கிடைத்ததும் திருப்தி. ஆளுக்கு 100 டாலர் செலவழித்தவரோ சின்னக் குறையையும் மன்னிக்க மாட்டார். அதனால் கவுண்டர் கடையின் 4.5-ஐயும், பெரிய உணவகத்தின் 4.3-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாக வராது.

அப்போ எப்படிப் பார்க்கலாம்?

* ஒரே வகைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். கவுண்டரை கவுண்டரோடு, பஃபேயை பஃபேயோடு.

* சராசரியை மட்டும் பார்க்காமல், 1 ஸ்டாரும் 5 ஸ்டாரும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

* 3 ஸ்டார் ரிவ்யூக்களைப் படியுங்கள். நல்லது, கெட்டது இரண்டையும் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

* 1 ஸ்டாருக்குக் காரணம் என்ன? உணவா, காத்திருப்பா, விலையா? உங்களுக்கு அது பிரச்னையே இல்லை என்றால் அந்த மார்க்கை விட்டுவிடலாம்.

* புதிய ரிவ்யூக்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். மெனுவும் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். இப்போதைய விலையை டிஸ்னியின் ஆப்பிலேயே பார்த்துவிடலாம்.

* குழந்தைகள் இருந்தால் விதிகளையும் பாருங்கள். மிச்செலின் ஸ்டார் வாங்கிய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸில் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. 6 வயதுக் குழந்தையோடு போகும் குடும்பத்துக்கு அந்த ஸ்டாரால் பயன் இல்லை.

எதுவுமே சரிப்படவில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. டிஸ்னி வேர்ல்டு பார்க்குகளுக்குள் வெளி உணவைக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. மதியம் கையில் கொண்டுபோன சாப்பாடு, இரவு உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு நல்ல உணவகம் என்று திட்டமிட்டால், சுமாரான இரண்டு வேளைக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.