பெட்டரிக்கு நாம் திருப்பிக் கொடுக்காத கடன்

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு இரவு, மணி இரண்டு இருக்கும். வாப்பாவுக்கு நெஞ்சுவலி. காரில் இருத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். "டிக், டிக்" என்ற சத்தம் மட்டும்தான். உள்ளே எரிந்த லைட்டும் மங்கிப் போனது. முன்வீட்டு மச்சான் தன்னுடைய த்ரீவீலரை எடுத்து வந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், வாப்பா இப்போது சுகமாக இருக்கிறார்.

அந்தப் பெட்டரி போட்டு 14 மாதம்தான். அதற்கு முந்தியதும் இரண்டு வருடம் தாண்டவில்லை. கடையில் "சாமான் சரியில்ல சேர், புதுசு போடுங்க" என்றார்கள். போட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் அல்லவா, பெட்டரியின் வரலாற்றையே தேடி வாசித்தேன். பிழை என் பக்கம் இருந்தது அப்போதுதான் விளங்கியது.

1859இல் பிரான்ஸைச் சேர்ந்த கஸ்தோன் பிளாந்தே என்ற விஞ்ஞானி, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, ஐதான சல்பூரிக் அமிலத்தில் அமிழ்த்தினார். அதுவரை பாவனையில் இருந்த மின்கலங்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதுவோ மறுபடி மின்னேற்றியதும் வேலை செய்தது. இன்று நம் கார் பொனட்டுக்குள் இருப்பது அதனுடைய பேரப்பிள்ளைதான். 1881இல் கமில் ஃபோர் என்பவர் தகடுகளில் ஈய ஒட்சைட்டைப் பசைபோலப் பூசி, அது கொள்ளும் மின்னின் அளவைக் கூட்டினார்.

அப்போதும் பெற்றோல் காரை ஸ்டார்ட் பண்ணுவது கையால்தான். முன்னால் நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்ற வேண்டும். என்ஜின் பின்னடித்தால் மணிக்கட்டு முறியும். பல பெண்கள் அந்தக் காலத்தில் பெட்டரியால் ஓடும் காரையே விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோல் கார் செய்த ஹென்றி ஃபோர்டின் மனைவிகூட மின்சாரக் கார்தான் ஓட்டினார்.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் சார்ள்ஸ் கெட்டரிங். அவரும் ஒரு காலத்தில் ஒஹாயோவில் கிராமப் பாடசாலை ஆசிரியர். பிறகு பொறியியல் படித்து, கடைகளில் பாவிக்கும் கேஷ் மெஷினுக்கு மின்மோட்டார் பொருத்தினார். லாச்சி திறக்க ஒரு கண நேரம் போதும். அந்தக் கணத்துக்கு மட்டும் சின்ன மோட்டாரிடம் சக்திக்கு மிஞ்சிய வேலை வாங்கினாலும் அது எரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. என்ஜினைச் சுழற்ற காருக்குள் அடங்காத பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தபோது, அவர் இந்த அனுபவத்தைக் கொண்டுவந்தார். 1912ஆம் ஆண்டு மொடல் கடிலக் கார் செல்ஃப் ஸ்டார்ட்டோடு வெளிவந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அந்தக் காரில் என்ஜினைச் சுழற்றிய அதே இயந்திரம், என்ஜின் ஓடத் தொடங்கியதும் டைனமோவாக மாறிப் பெட்டரிக்கு மின்னேற்றியது. சில வினாடி எடு, மீதி வழி முழுக்கத் திருப்பிக் கொடு. அவருடைய ஏற்பாடு அதுதான். 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் அல்டர்னேட்டரைக் கொண்டுவந்தது. மெதுவாக ஓடும்போதும் பழைய டைனமோவை விட அது நன்றாக மின் கொடுத்தது. ஆனாலும் ஏற்பாடு மாறவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? என் வீட்டிலிருந்து பாடசாலை ஒன்றரைக் கிலோமீற்றர். பிறகு சந்தை, பள்ளிவாசல், பிள்ளைகளின் டியூஷன். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை ஸ்டார்ட். எந்த ஓட்டமும் பத்து நிமிடம் இல்லை.

ஸ்டார்ட் பண்ண 100, 150 அம்பியர் போனாலும் இரண்டு மூன்று வினாடிதான். அது சின்னக் கடன். ஆனால் அதை அடைக்கும் நேரத்தில்தான் ஏசி, ஹெட்லைட், விசிறி எல்லாம் பங்கு கேட்கின்றன. நிறுத்திவைத்த காரிலும் அலாரமும் கம்பியூட்டரும் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் என்று வைத்தால் வாரத்துக்கு 8 அம்பியர் மணிக்கு மேல். 40 அம்பியர் மணி பெட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதோடு, பெட்டரி முக்கால்வாசிவரை விரைவாக ஏற்றுக்கொள்ளும். மிச்சத்துக்குப் பல மணி நேரம் எடுக்கும். நிறையாமலே கிடக்கும் பெட்டரியின் தகட்டில் ஈய சல்பேற்று இறுகிப் படியும். நம்முடைய வெயில் அதன் ஆயுளை இன்னும் குறைக்கும்.

2022 நினைவிருக்கிறதா? கியூ.ஆர். கோட்டுக்கு காருக்கு வாரம் 20 லீற்றர். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தோம். பெற்றோல் கிடைத்த நாளில் தள்ளி ஸ்டார்ட் பண்ணியவர்கள் எத்தனை பேர்!

எங்கள் பக்கம் கரண்ட் வராத காலத்தில் கறுப்பு வெள்ளை டிவி கார் பெட்டரியில்தான் ஓடியது. பெட்டரி இறங்க இறங்கப் படம் சுருங்கும். வாப்பா அதை சைக்கிள் கெரியரில் கட்டிக்கொண்டு சார்ஜ் போடக் கொண்டுபோவார், நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பேன். பின்னேரமே கேட்டால் அந்தக் காக்கா தரமாட்டார். "இப்ப ஏலா தம்பி, நாளைக்கு வாங்க. மெதுவா ஏறினாத்தான் நிக்கும்." அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதன் அர்த்தம் இன்றுதான் புரிகிறது.

இப்போது நான் செய்வது இவைதான்:

சின்னச் சின்ன வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கிறேன். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு சைக்கிள்.

வாரத்தில் ஒரு நாள் நிற்காமல் முக்கால் மணி நேரம் ஓடுகிறேன். வீட்டு வாசலில் பத்து நிமிடம் என்ஜினை உறும விடுவதால் பெரிய பலன் இல்லை.

மாதம் ஒரு முறை, தானாக நிற்கும் சின்ன சார்ஜரை இரவு முழுக்கப் போடுகிறேன், காற்றோட்டமான இடத்தில், பெட்டரிக்குக் கிட்ட நெருப்பில்லாமல்.

காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் மீற்றரால் பார்க்கிறேன். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி, உடனே ஏற்ற வேண்டும்.

ஏசியையும் லைட்டையும் அணைத்துவிட்டே நிறுத்துகிறேன், அணைத்தபடியே ஸ்டார்ட் பண்ணுகிறேன்.

வயதான உம்மா வாப்பா உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குத் தெரியவருவதை விட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.