உவர்மண்ணில் நன்னீர்

நீர்ப்பஞ்சம் என்றதும் வறண்ட கிணறே நம் நினைவுக்கு வருகிறது. கிணறு நிறைய நீர் நின்றும் குடிப்பதற்கு ஒரு குவளை கிடைக்காத பஞ்சமும் உண்டு. குஜராத்தின் கட்ச், சௌராஷ்டிரப் பகுதி மக்கள் நெடுங்காலமாக எதிர்த்து நின்றது இவ்விரண்டாம் வகைப் பஞ்சத்தையே.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அவ்வளவு இல்லாவிடினும், குடிக்க இயலாத அளவுக்கு உப்புக் கரைந்த நீரையே உவர்நீர் என்கிறோம். வேறு நீர் கிடைக்காத ஊரிலும், குடிநீரில் கரைபொருள் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தரநிர்ணயம்.

உவர்ப்பை வெல்ல மனிதர் கண்ட வழிகள் இரண்டு. நன்னீரை உப்போடு சேரவிடாமல் காப்பது ஒன்று. சேர்ந்த உப்பைப் பிரித்தெடுப்பது மற்றொன்று.

முதல் வழி மிகப் பழையது. உப்புப் பாலையாகிய பெரிய ரண்ணின் நடுவே, காதிர் தீவில் அமைந்தது தோலாவீரா என்னும் சிந்துவெளி நகரம். மன்சார், மன்ஹார் என்னும் இரு காட்டாறுகளின் மழைவெள்ளத்தை அந்நகரத்தார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அணையிட்டுத் திருப்பிப் பெரும் நீர்த்தேக்கங்களில் சேமித்தனர்.

ரண்ணை அடுத்த பன்னிப் புல்வெளியில் வாழும் மால்தாரிகள் என்னும் கால்நடை வளர்ப்போர் மற்றோர் உபாயம் கண்டனர். தாழ்ந்த நிலத்தில் தேங்கும் மழைநீர் மண்ணுள் இறங்குகிறது. அது உவர்நீரினும் எடை குறைந்தது. ஆதலின் அடியிலுள்ள உவர்நீரோடு எளிதிற் கலவாமல் அதன்மேல் தனிப்படலமாக மிதந்து நிற்கிறது. அப்படலத்தை எட்டும் அளவுக்கு மட்டும் குழி தோண்டி, மண் சரியாதபடி உட்புறம் மரச்சட்டமும் புல்லும் வைத்து நீர் எடுக்கின்றனர். இக்குழிக்கு விர்தா என்று பெயர். ஆழமாகத் தோண்டினாலோ அளவுக்கு மீறி இறைத்தாலோ அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். ஆகவே ஒரு குழியின் நீர் உவர்த்ததும் அதை விட்டு அடுத்ததை நாடுகின்றனர்.

இரண்டாம் வழி விஞ்ஞானத்தின் வழி. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பவநகரில் மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தைப் பண்டித நேரு திறந்து வைத்தார். நீரிலிருந்து உப்பை விளைவிக்க ஆராயத் தோன்றிய நிலையம், நாளடைவில் உப்பை நீக்கி நீரைத் தரவும் முற்பட்டது. அந்நகரை அடுத்த அவானியா கிராமத்தில் 1978ஆம் ஆண்டில் சூரிய வெப்பத்தால் நீரை வடிக்கும் பெரிய சாதனம் அமைந்தது. சாய்ந்த கண்ணாடிக் கூரையின்கீழ் உவர்நீர் ஆவியாகிறது; ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் குளிர்ந்து நன்னீராக வழிகிறது. நாளொன்றுக்கு 5,000 லிட்டர் தரும் திட்டம் அது. எரிபொருட் செலவு இல்லை. ஆயினும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சில லிட்டர்களே கிடைக்குமாதலால், இடம் மிகுதியாக வேண்டும்.

அக்குறையைத் தீர்த்தது சவ்வு. சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டையொட்டிப் புதுவகைச் சவ்வொன்றை உருவாக்கினர். அழுத்தத்தோடு உவர்நீரைச் செலுத்தினால் நீர் சவ்வைக் கடக்கிறது; உப்பின் பெரும்பகுதி பின்தங்குகிறது. கோலிங்கா என்னும் கலிபோர்னிய ஊரின் உவர்நீரை 1965ஆம் ஆண்டில் இம்முறை குடிநீராக்கியது. பவநகர் நிலையமும் இத்தகைய சவ்வுகளை ஆக்கி, நம் கிராமங்களுக்கு ஏற்ற சாதனங்களை அமைத்தது.

ஆயினும் பிரித்த உப்பு மறைந்துபோவதில்லை. செறிந்த கழிவுநீராக அது வெளிவருகிறது. அதைக் கண்ட இடத்தில் விட்டால் மண்ணுள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பும். மேலும், பயிருக்கென மிகுதியாக நீர் இறைத்ததால் சௌராஷ்டிரக் கடற்கரையில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. அதைத் தடுக்கும் வழியை ஆராயக் குஜராத் அரசு 1976ஆம் ஆண்டில் உயர்நிலைக் குழுவொன்றை அமைத்தது. ஆற்றுமுகங்களில் தடுப்பணை கட்டுவதும் மழைநீரை மண்ணுள் செலுத்துவதும் பின்னர் நடைபெற்ற பணிகளுள் அடங்கும்.

நன்னீரைக் கொண்டே உவர்நீரைத் தடுக்கும் இப்பணிகளில் விர்தாவின் தத்துவத்தையே பெரிய அளவில் காண்கிறோம். நீர் உவர்த்தபின் சவ்வு நமக்குத் துணை செய்யும். உவர்க்கும் முன்னரே காப்பதோ, இறைக்கும் அளவை அறிந்த நம் கையில் இருக்கிறது.