கேடயத்தைக் கடித்தவர்கள்

ஆங்கிலத்தில் 'பெர்ஸெர்க்' என்று ஒரு பெயரடை உண்டு. கண்மண் தெரியாமல் அடிக்கிறவனுக்கு வழங்குவது. தமிழில் எழுத வேண்டுமானால் 'வெறி பிடித்த' என்று எழுதுவேன். அதில் ஒரு சௌகரியம் பாருங்கள்: பிடித்தது வெறி, அகப்பட்டுக்கொண்டவன் மனிதன். பாதிக் குற்றம் இலக்கணத்திலேயே கழிந்துவிடுகிறது.

மூலம் பழைய நார்ஸ் மொழி. 'பெர்ஸெர்க்ர்' என்பதில் 'ஸெர்க்ர்' என்றால் சட்டை. முன்பாதி கரடியைக் குறிக்கிறது என்பது ஒரு கட்சி. 'வெறும்' என்று பொருள் என்பது மறு கட்சி. கரடித்தோல் போர்த்தவனா, கவசமின்றிப் போர் செய்தவனா? வழக்கு இன்னும் தீரவில்லை. 1230 வாக்கில் எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்டுர்லுஸன், ஓடின் தெய்வத்தின் வீரர்கள் கவசமில்லாமல், ஓநாய்போல் வெறிகொண்டு, தங்கள் கேடயத்தையே கடித்தார்கள் என்கிறார். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்களிலும், கேடயத்தைக் கடித்து நிற்கும் வீரர்கள் சிலர் உண்டு.

அரசனுடைய படையில் இருந்தவரை அவன் வீரன். ஐஸ்லாந்துக் கதைகளில் அவனே குடியானவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். 'பெண்ணைக் கொடு, இல்லையேல் என்னோடு சண்டைக்கு வா' என்கிறான். வீரம் ஊருக்குள் வந்தால் ரௌடித்தனம்தான்.

இதற்கு ஐஸ்லாந்துச் சட்டம் செய்த ஏற்பாடுதான் என் மனத்தில் நிற்கிறது. 'கிராகாஸ்' என்பது அந்தப் பழஞ்சட்டத் தொகுப்பு. 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கிறது. அதன்படி, ஒருவன் இந்த வெறிக்கு ஆளானால் மூன்று வருஷம் நாடு கடத்தல். பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அவர்களுக்கும் அதே தண்டனை! பிடித்து அடக்கிவிட்டாலோ, ஒருவருக்கும் தண்டனை இல்லை.

பின்னால் வந்தவர்கள் காரணம் தேடினார்கள். 1784இல் ஸ்வீடன் நாட்டு ஸாமுவேல் ஓட்மன், எல்லாம் ஒரு நச்சுக் காளான் செய்த வேலை என்றார். 1822இல் ஸர் வால்டர் ஸ்காட் தம் 'பைரேட்' நாவலில் இந்தச் சொல்லை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். நாளடைவில் அது பெயரடையாயிற்று. இன்று இயந்திரம் தாறுமாறாக ஓடினாலும், ரசிகர் கூட்டம் ஆரவாரித்தாலும் இதே வார்த்தைதான்.

சொல் ஊர் விட்டு ஊர் வந்தது. சட்டம் கூட வரவில்லை. அடித்தவனுக்கு வெறி என்ற சாக்குக் கிடைத்தது. பக்கத்தில் கைகட்டி நின்றவனைக் கேட்பாரே இல்லை. அந்தப் பனித் தீவுக்காரர்கள் அவனையும் கேட்டார்கள்.