இருவர் உடன்படிக்கையும் மூன்றாம் தேசமும்: 1860ஆம் ஆண்டின் ஆங்கில–பிரெஞ்சு வர்த்தக ஒப்பந்தம்

பெருவளம் படைத்த இரு ராஜ்யங்கள் தம்முள் சுங்கத் தீர்வையைக் குறைத்துக்கொள்ளும்போது, அதன் பலாபலன்களை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் அவ்விரண்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளோடு நின்றுவிடுகின்றனர். கையொப்பமிட்ட சபையில் ஆசனம் பெறாத தேசங்களுக்கு நேர்ந்ததையே ஈண்டு விசாரிக்கின்றேன். அவற்றின் கதி தீர்வையின் ஏற்றத்தாழ்வைக் காட்டிலும், தீர்வையை நிர்ணயிக்கும் அளவுகோலிலேதான் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

பிரிட்டனின் ரிச்சர்ட் காப்டன், பிரான்சின் மிஷேல் ஷெவாலியே ஆகிய இருவர் முயற்சியால் 1860 ஜனவரி 23இல் நிறைவேறிய உடன்படிக்கையின்படி, பிரான்சு தன் தடைகளை அகற்றி, தீர்வையை 30 சதவீதத்துக்கும், 1864க்குப் பின் 25 சதவீதத்துக்கும் மிகாமல் வைத்துக்கொள்ள இசைந்தது. பிரிட்டனோ பட்டின் மீதிருந்த தீர்வையை ஒழித்து, திராட்சை மதுவின் தீர்வையைப் பெரிதும் தணித்தது. வேறெந்த நாட்டுக்கு அளிக்கும் சலுகையும் தமக்குள்ளும் செல்லும் என்று அவர்கள் சேர்த்த சரத்து, பெல்ஜியம், இத்தாலி, ஆஸ்திரியா, பிரஷ்யா தலைமையிலான ஜெர்மானியச் சுங்க ஐக்கியம் என ஒவ்வொரு நாட்டையும் அடுத்தடுத்த உடன்படிக்கைகளால் பிணைத்தது. 1947ஆம் ஆண்டின் ‘காட்’ என்னும் சுங்கத் தீர்வை, வர்த்தகப் பொது ஒப்பந்தம் அத்தத்துவத்தையே தன் முதல் விதியாகக் கொண்டது.

பிரிட்டன் தான் குறைத்த தீர்வையைச் சகல தேசத்தாருக்கும் பொதுவாகவே குறைத்தது. சட்டத்தில் எந்நாட்டின் பெயரும் இல்லை. ஆயினும் துறைமுகத்தில் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். சுங்க அதிகாரி பீப்பாயிலிருந்து எடுத்த மதுவை வாலையிலிட்டு வடித்து, திரவமானியை மிதக்கவிட்டுச் சாராயச் செறிவைக் குறித்துக்கொள்வார். 1862ஆம் ஆண்டின் விதிப்படி, அது 26 பாகைக்குக் குறைந்தால் காலன் ஒன்றுக்கு 1 ஷில்லிங். மிஞ்சினால் 2 ஷில்லிங் 6 பென்ஸ். பிரான்சின் போர்தோ மது இயல்பாகவே அவ்வெல்லைக்குள் அமைந்தது. பிராந்தி கலந்து திடப்படுத்தப்படும் ஸ்பெயினின் ஷெர்ரியும் போர்த்துகலின் போர்ட்டும் எல்லையைத் தாண்டின. பாரபட்சம் திரவமானியின் ஒரு கோட்டிலே குடிகொண்டிருந்தது!

பிரிட்டனுக்கு உட்பட்ட நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்தின் நிலை இதனினும் பரிதாபகரமானது. 1813 முதல் அந்நாட்டு மதுவுக்கு இருந்த சலுகைத் தீர்வை இம்மாறுதலோடு ஒழிந்தது. பிரிட்டனுக்குச் சென்ற ஏற்றுமதி சரிந்து வீழ்ந்தது. அம்மது தரத்தில் தாழ்ந்தது, சலுகையே அதைச் செயற்கையாகத் தாங்கி நின்றது என்பர், உண்மைதான். ஒப்பந்தங்கள் புதிய வர்த்தகத்தைத் தோற்றுவிக்கின்றனவா, உள்ளதைத் திசை திருப்புகின்றனவா என்று 1950இல் ஜேக்கப் வைனர் வகுத்த பாகுபாட்டின்படி பார்த்தாலும், அச்சலுகையின் மறைவு குற்றமாகாது. ஆயினும் அச்சலுகையை நம்பிக் கொடி நட்டு வளர்த்த குடியானவனின் நஷ்டத்தை அப்பாகுபாடு எந்தப் பற்றில் எழுதுகிறது?

1994இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் தொடங்கிய ஒப்பந்தத்திலும் இத்தகையதொரு கோடு இருந்தது. ஆடைகளுக்குத் தீர்வை விலக்குப் பெற, பொதுவாக நூல் நூற்பது முதல் தைப்பது வரை அனைத்தும் அம்மூன்று நாடுகளுக்குள்ளேயே நடைபெற வேண்டியிருந்தது. அவ்விலக்கு மெக்சிகோவுக்குக் கிட்ட, அமெரிக்கச் சந்தையை நம்பித் தைத்துவந்த ஜமைக்கா முதலிய கரீபிய நாடுகள் பின்தங்கின. 2000இல்தான் அவற்றுக்குத் தனிச் சட்டத்தால் ஓரளவு பரிகாரம் கிட்டியது.

ஸ்பெயினும் பரிகாரம் பெற்றது. பிரிட்டிஷ் சரக்குகளின் மீது அது உயர்ந்த தீர்வை விதித்துப் பிணங்கிய பின், 1886இல் திரவமானியின் அக்கோடு 30 பாகைக்கு உயர்த்தப்பட்டது. பதிலுக்கு விதிக்கத் தீர்வையும், வாதாடத் தூதரும் ஸ்பெயினுக்கு இருந்தனர்; முனையின் திராட்சைத் தோட்டக்காரரோ, தமக்கு எதிராகத் தீர்ப்பளித்த அதே அரசின் பிரஜைகளாக இருந்தனர்.