வலிக்கும் காதும் வடியும் காதும்: இராமநாதபுரக் கடற்கரைக் குழந்தைகளின் நடுச்செவி நோய்க்கு எது தகுந்த சிகிச்சை?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் 'காது வலிக்குதுன்னு அழுவுறான்' என்பாள். அல்லது 'காது வடியுது' என்பாள். இரண்டையும் அவள் ஒன்றாகச் சொல்வதில்லை. நடுச்செவி அழற்சி பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் திரண்ட சான்றுகளும் இதே கோட்டில்தான் பிரிகின்றன. செவிப்பறை கிழியாமல் வலி மட்டும் இருக்கும் காதுக்கு, பெரும்பாலும் வலி நிவாரணியும் கண்காணிப்பும் போதும். சீழ் வடியும் காதுக்கோ தாமதமில்லாத சிகிச்சை வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் பல வேளைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: வலிக்கும் காதுக்கு முதல் நாளே ஆன்டிபயாடிக் சிரப்; மாதக்கணக்கில் வடியும் காதுக்கு எண்ணெயும், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்ற ஆறுதலும். இந்த வரிசையைத் திருப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வலிக்கும் காது. நெதர்லாந்தின் பொது மருத்துவர்கள் 1990-இலேயே, உடனே ஆன்டிபயாடிக் கொடுக்காமல் சில நாள் பொறுத்துப் பார்க்கும் முறையை வழிகாட்டுதலாக ஏற்றார்கள். பிற்பாடு வந்த காக்ரேன் தொகுப்பாய்வு அவர்களுக்குத் துணை நின்றது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி நீங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் ஒரு குழந்தை கூடுதலாக வலி நீங்கப் பெற, 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது; 14 பேருக்கு ஒருவர் வீதம் வாந்தி, வயிற்றுப்போக்கு அல்லது தோல் தடிப்புக்கு ஆளாகிறார்கள். ஆனால் இந்தச் சராசரிக்குள் வேறொரு உண்மை மறைந்திருக்கிறது. பல சோதனைகளின் தனிக்குழந்தைத் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து 2006-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, சீழ் வடியும் குழந்தைகளில் மூவருக்குக் கொடுத்தால் ஒருவர் பயனடைகிறார். இரு காதுகளிலும் அழற்சி உள்ள இரண்டு வயதுக்குட்பட்டோரில் நால்வருக்கு ஒருவர். ஆகவே 'பொறுத்துப் பார்' என்பது எல்லாக் குழந்தைக்குமான விதியல்ல. இச்சோதனைகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை என்பதையும் மறக்கலாகாது.

நம் சுமை இரண்டாவது வகையான வடியும் காதில்தான் கனக்கிறது. நாட்பட்ட சீழ்வடிதல் ஒரு சமூகத்தின் குழந்தைகளில் 4 விழுக்காட்டைத் தாண்டினால் அதை உடனடிக் கவனம் கோரும் பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமப்புறக் குழந்தைகளிடம் அது சுமார் 6 விழுக்காடாக இருந்தது. காது வடியும் பிள்ளைக்கு வலி இராது; காய்ச்சலும் இராது; கேட்கும் திறன் மட்டும் குறைந்துகொண்டே போகும். வகுப்பில் 'மந்தம்' என்று பெயர் வாங்கும் பிள்ளையின் காதை முதலில் பார்க்க வேண்டும். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1996-இல் வெளியான சோதனை இங்கே பெரிதும் பயன்படும். காதைத் துடைத்து உலர்த்துவதோடு சொட்டு மருந்தும் வாய்வழி மருந்தும் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினருக்குச் சீழ் நின்றது. துடைத்து மட்டும் விட்டவர்களில் 22 விழுக்காடு. எதுவும் செய்யாதவர்களிலும் அதே 22. துணித்திரியால் உலர்த்துவது மருந்துக்கு வழி திறக்கும் வேலை, அதுவே மருந்தாகாது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற குயினலோன் சொட்டுகள், வாய்வழி மருந்தைக் காட்டிலும் சீழை நன்றாக நிறுத்துகின்றன. மருந்து நேரே நோயிடத்தைச் சேர்வதே காரணம். விலையும் குறைவு. ஜென்டாமைசின், நியோமைசின் சொட்டுகளோ, பறை கிழிந்த காதில் உட்செவியைக் கெடுக்கக்கூடியவை. பூண்டு காய்ச்சிய எண்ணெயையும் தாய்ப்பாலையும் அப்படிப்பட்ட காதில் ஊற்றவே கூடாது.

வலிக்கும் காதைப் பொறுத்துப் பார்ப்பதற்கு எதிரான வாதம் ஒன்று வலுவானது. பாசி எடுக்கவும் கருவாடு காயவைக்கவும் விடியுமுன் போகும் தாயை 'இரண்டு நாள் கழித்து வா' என்றால் வருவாளா? இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவமனை ஏறக்குறைய 55 கிலோமீட்டர்; போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் எல்லாருக்கும் முதல் நாளே மருந்து கொடுப்பதே நல்லது என்பார்கள். சிக்கல் உண்மையானது, முடிவு தவறானது. பிரிட்டனில் 2001-இல் வெளிவந்த ஆய்வில், மூன்று நாள் பொறுத்துத் தேவையானால் மட்டும் வாங்கும்படி சீட்டுப் பெற்ற பெற்றோரில் 24 விழுக்காட்டினரே அம்மருந்தைப் பயன்படுத்தினார்கள். சீட்டைத் தாயிடம் கொடுத்து, சீழ் வந்தாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ மருந்து தொடங்கச் சொல்லி, காதின் பின்புறம் வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னால் போதும். மறுபரிசோதனையைக் கிராம சுகாதார செவிலியர் வீட்டிலேயே செய்யலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கும், முன்னர் சொன்ன இரு பிரிவினருக்கும் (சீழ் வடிவோர், இரு காதுகளிலும் அழற்சி உள்ள இரண்டு வயதுக்குட்பட்டோர்) இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

காது நோய்க்குக் கடல்நீரே காரணம் என்ற நம்பிக்கையும் உண்டு. முழுச் செவிப்பறை நீரை உள்ளே விடாது. நடுச்செவிக்குக் கிருமி பெரும்பாலும் மூக்கின் பின்புறக் குழல் வழியாகவே ஏறுகிறது. சளியும், படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டுவதும், சீமைக்கருவேல விறகின் அடுப்புப் புகையும் கடலைவிடக் கூடுதலான குற்றவாளிகள். பறை கிழிந்து சீழ் வடியும் பிள்ளை மட்டும், காது உலரும் வரை கடலில் முங்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021-இல் நிமோகாக்கல் தடுப்பூசி பொதுத் திட்டத்தில் சேர்ந்தது நல்ல தொடக்கம். 2022-இல் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. இனி வேண்டியவை சிறியவை: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குயினலோன் சொட்டு மருந்து, திரி வைக்கப் பழகிய கை, 14 நாளுக்கு மேல் காது வடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கேட்கும் திறன் பரிசோதனை. மாவட்ட சுகாதாரத் துறை இம்மூன்றையும் பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.