ஹெர்ன்ஹூட் அனுதின வசன நூல்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், போலந்து எல்லையும் செக் எல்லையும் நெருங்கி வரும் மூலையில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மொராவியச் சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் தியான நூல் இது. ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 'லோசுங்கன்'. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து சீட்டுப்போட்டு எடுத்த ஒரு வசனம், அதற்கு இசைவாகத் தேர்ந்தெடுத்த புதிய ஏற்பாட்டு வசனம், அவற்றின்கீழ் ஒரு பாமாலைச் சரணமோ சிறு ஜெபமோ இருக்கும். இந்நூல் 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவருகிறது. ஜெர்மன் பதிப்பு மட்டுமே ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்கிறது.

அனுதின தியான நூல்களுக்குக் கிறிஸ்தவ உலகில் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றில் வசனத்தின்கீழ் ஒரு போதகர் அரைப் பக்கம் பேசுவார். ஒரு கதை சொல்வார். கடைசியில் ஒரு புத்திமதி வைப்பார். ஹெர்ன்ஹூட் நூலில் விளக்கவுரை என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக ஒரு நூல் இப்படி வாயடக்கத்தோடு நிலைத்திருப்பதே வியப்பு.

தோற்றம்

பொஹீமியாவிலும் மொராவியாவிலும் செக் சீர்திருத்தவாதி ஜான் ஹஸ்ஸின் மரபில் வந்தவர்கள் 1457-இல் 'சகோதரர் ஐக்கியம்' என்ற சபையை அமைத்தார்கள். முப்பதாண்டுப் போர்க் காலம் முதல் ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் அந்தச் சபைக்கு இடமில்லாமல் போனது. எஞ்சியவர்கள் வீட்டுக்குள் ரகசியமாக வேதம் வாசித்துவந்தார்கள். 1722-இல் அவர்களில் சிலர், கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சரின் வழிகாட்டலில் எல்லை தாண்டி, நிக்கோலஸ் லுட்விக் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்துக்கு வந்துசேர்ந்தார்கள். பிரபுவுக்கு அப்போது வயது 22. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று முதல் மரம் வெட்டப்பட்டது. அப்படிப் பிறந்த ஊர்தான் ஹெர்ன்ஹூட்.

பிற்காலப் பக்தி நூல்கள் இந்த ஊரைத் தொடக்கம் முதலே பரிசுத்தவான்களின் குடியிருப்பாகக் காட்டுவதுண்டு. உண்மையில் முதல் ஐந்தாண்டுகள் ஒரே சச்சரவு. மொராவிய அகதிகள், லூதரன்கள், பிற பிரிவினர் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். உபதேசத்திலும் வழிபாட்டு முறையிலும் மோதிக்கொண்டார்கள். சின்சென்டார்ஃப் டிரெஸ்டனில் அரசுப் பணியை ஒதுக்கிவைத்துவிட்டு ஊரிலேயே தங்கி வீடுவீடாகப் போய்ப் பேசினார். 1727 மே மாதம் ஊருக்கென விதிகள் கையெழுத்தாயின. ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் சபையார் ஒருவரோடொருவர் ஒப்புரவானார்கள். மொராவியர்கள் தங்கள் சபையின் மறுபிறப்பாக இன்றும் அந்த நாளையே கொண்டாடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27-இல், 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் மணிநேரங்களைத் தங்களுக்குள் பங்கிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஆள் மாறி ஆள் வந்து, அந்த ஜெபச் சங்கிலி நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது.

வசன வழக்கம் இந்தச் சூழலில் எழுந்தது. 1728 மே 3 அன்று, மாலைப் பாடல் ஆராதனையின் முடிவில் சின்சென்டார்ஃப் மறுநாளுக்கென ஒரு வாக்கியத்தைச் சபையாருக்குக் கொடுத்தார். அது முதல் இது அன்றாட வழக்கமாயிற்று. ஆரம்ப நாட்களில் வேத வசனம்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. பாடல் அடிகளும் கொடுக்கப்பட்டன. காலையில் சகோதரர்கள் ஊரில் அப்போதிருந்த 32 வீடுகளுக்கும் அந்த வாக்கியத்தை எடுத்துச் சென்றார்கள். சொல்லிவிட்டுத் திரும்புவதோடு அவர்கள் வேலை முடியவில்லை. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு யாரோடு மனத்தாங்கல், யார் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்று பார்த்து வருவதும் அவர்கள் பொறுப்பு. வசனம் கதவைத் தட்டுவதற்கு ஒரு சாக்காகவும் இருந்தது.

ஆட்கள் பெருகி ஊர்விட்டு ஊர் பரவியபோது கதவைத் தட்ட முடியாமல் போனது. 1731-க்கான வசனங்கள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டு நூலாக அச்சேறின. 1732-இல் முதல் மிஷனெரிகள் கரீபியக் கடலில் செயின்ட் தாமஸ் தீவுக்கும், 1733-இல் கிரீன்லாந்துக்கும் புறப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகளிடையே இருந்தவரும் பனிக்கரையில் இருந்தவரும் அதே நாளில் அதே வசனத்தை வாசிக்க நூல் வழிசெய்தது. இந்த வழக்கத்தின் உயிர்நாடி இதுவே என்று சொல்லலாம்: இங்கே வசனத்தை வாசகர் தேர்ந்தெடுப்பதில்லை, அது அவருக்கு மட்டும் உரியதும் இல்லை.

சீட்டுப்போடுதல்

ஆண்டுக்கு ஒருமுறை, வசந்த காலத்தில், ஹெர்ன்ஹூட்டில் சபையின் நிர்வாகம் இயங்கும் பழைய மாளிகையில் சீட்டு எடுக்கிறார்கள். சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களுக்கு எண் கொடுத்து, எண்ணிட்ட சிறு சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டிருப்பார்கள். ஒருவர் எடுக்க, மற்றவர்கள் நாளையும் வசனத்தையும் பதிவுசெய்வார்கள். எடுத்த சீட்டு அந்த ஆண்டுக்குள் திரும்பக் கிண்ணத்துக்குப் போகாது. மொழிபெயர்க்கவும் அச்சிடவும் காலம் வேண்டும் என்பதால் மூன்று ஆண்டு முன்னதாகவே இது முடிந்துவிடும். 2024-ஆம் ஆண்டின் வசனங்கள் 2021-இல் எடுக்கப்பட்டவை.

புதிய ஏற்பாட்டு வசனத்துக்குச் சீட்டு கிடையாது. எடுபட்ட பழைய ஏற்பாட்டு வசனத்தோடு சேர்ந்து ஒலிக்கும் ஒன்றைத் தொகுப்பாளர்கள் தேடிப் பொருத்துகிறார்கள். மூன்றாவதாக வரும் சரணமோ ஜெபமோகூட அப்படியே.

மொராவியர்கள் ஒரு காலத்தில் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யாரை மூப்பராக வைப்பது, யாரை எந்த நாட்டுக்கு அனுப்புவது, யார் யாரை மணப்பது என்பதற்கெல்லாம் சீட்டுப் போட்டார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டினால் தெரிந்துகொண்ட அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் அவர்களுக்கு ஆதாரம். திருமணச் சீட்டு இளையவர்களுக்குக் கசந்ததில் ஆச்சரியமில்லை. 1818-இல் கூடிய சபைப் பேரவையில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. சபை நிர்வாகத்திலிருந்தும் 1889-இல் சீட்டு விலக்கப்பட்டது. வசன நூல் ஒன்றில்தான் அந்தப் பழக்கம் இன்று எஞ்சி நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வசனங்கள் உண்டு. கிண்ணத்தில் இருப்பவை அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வம்ச அட்டவணைகள் வருவதில்லை. போர்க்களப் படுகொலைகள் வருவதில்லை. சீட்டுப் போடுவதற்கு முன்பே மனிதக் கை வடிகட்டிவிடுகிறது. "கர்த்தர் எடுத்துக் கொடுத்தார்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சபையாரோ இதை மறைத்ததில்லை. தொகுப்பு அவ்வப்போது திருத்தப்பட்டே வருகிறது.

வாசிக்கும் விதம்

சட்டைப் பையில் அடங்கும் நூல் என்பதால் பலர் அதைக் காலை உணவு மேசையிலேயே வைத்திருப்பார்கள். வீட்டில் ஒருவர் இரண்டு வசனங்களையும் உரக்க வாசிப்பார். சரணத்தை எல்லோரும் ஜெபமாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் இருப்பவர்களுக்காகப் பக்கத்தின் அடியில் அன்றைய வேத வாசிப்புப் பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். பெரிய எழுத்துப் பதிப்பு, பக்கத்தில் எழுத இடம் விட்ட பதிப்பு, எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் மூல வசனம் தரும் பதிப்பு எனப் பல வகை உண்டு. இவற்றில் எழுத இடம் விட்ட பதிப்புக்கு நீண்ட மரபு இருக்கிறது. ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் தன் வசன நூல்களின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளை வைத்தே அவருடைய நம்பிக்கையைப் பிற்காலத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மொராவியர்கள் தங்கள் வாழ்க்கை வரலாற்றைத் தாங்களே எழுதிவைப்பார்கள். அடக்க ஆராதனையில் அது வாசிக்கப்படும். அந்த எழுத்துகளில் பிறந்தநாளின் வசனம், ஊர்விட்டுப் புறப்பட்ட நாளின் வசனம் என்று அடிக்கடி வரும். இறந்த நாளின் வசனத்தை மற்றவர்கள் சேர்த்துவிடுவார்கள்.

போன்ஹோஃபரும் இந்நூலும்

இந்நூலை மொராவியச் சபைக்கு வெளியே பரவலாக அறியச் செய்தவர்களில் லூதரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் முக்கியமானவர். சிறுவயதில் அவரை வளர்த்த பணிப்பெண் ஹெர்ன்ஹூட் மரபைச் சேர்ந்தவர். 1935 முதல் ஃபின்கன்வால்டெ என்ற இடத்தில் அவர் நடத்திய இறையியல் பயிற்சிப் பள்ளியில், மாணவர்கள் காலையில் அரை மணி நேரம் மௌனமாக ஒரு வேதப் பகுதியைத் தியானிக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க அதே பகுதி. பிரசங்கக் குறிப்பு எடுக்கக் கூடாது, உரை நூலைப் புரட்டக் கூடாது. மாணவர்கள் முணுமுணுத்தார்கள். துறவி மடத்து வாடை அடிக்கிறது என்று இறையியலாளர் கார்ல் பார்த்தே கடிதம் எழுதினார். 1937-இல் கெஸ்டாப்போ பள்ளியை மூடியது. அதன்பின்னும் போன்ஹோஃபர் பழைய மாணவர்களுக்குச் சுற்றுக்கடிதங்களில் தியானப் பகுதிகளை அனுப்பிவந்தார். ஒவ்வொருவரும் தனியே இருந்தாலும் ஒரே பகுதியைத் தியானிக்கிறார்கள் என்பதில் அவர் சபையைக் கண்டார்.

ஆனால் 1939-இல் வெளியான 'சேர்ந்து வாழ்தல்' பற்றிய தன் நூலில், ஹெர்ன்ஹூட் வசனங்கள் ஆசீர்வாதமானவைதான், ஆனால் வேதத்தை முழுமையாக, தொடர்ச்சியாக வாசிப்பதற்கு அவை மாற்றாகா என்று தெளிவாகவே எழுதினார். இந்நூலைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதைவிட நியாயமானது இல்லை. சொன்னவர் நாள்தோறும் அதை வாசித்தவர்.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. சதியில் பங்குகொண்டிருந்த போன்ஹோஃபர் அப்போது பெர்லின் டேகல் சிறையில் இருந்தார். தன் முடிவு நெருங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில், இறையியல் சிந்தனைகளே மனதை நிரப்பியிருந்தாலும் சில வேளைகளில் அன்றைய வசனத்தில் எளிமையாக மகிழ்ந்திருக்கவே தோன்றுகிறது என்கிறார்; நேற்றைய வசனத்தையும் இன்றைய வசனத்தையும் குறிப்பிடுகிறார். அவை 20, 23-ஆம் சங்கீதங்களைச் சேர்ந்தவை. அவற்றை அவர் மேற்கோள் காட்டவில்லை. நண்பரிடமும் அதே நூல் இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

தமிழகத் தொடர்பும் வாக்குத்தத்த அட்டையும்

சின்சென்டார்ஃப் 1710 முதல் 1716 வரை ஹாலே நகரில் பக்தி இயக்கத் தலைவர் பிராங்கேயின் பள்ளியில் படித்தார். தரங்கம்பாடி மிஷனைத் தாங்கிய ஊர் அது. அந்த மிஷனைத் தொடங்கிய சீகன்பால்க் 1715-இல் விடுப்பில் வந்தபோது சின்சென்டார்ஃப் அங்கே மாணவர். அயல்நாட்டு ஊழிய ஆர்வம் தனக்குள் விழுந்தது பிராங்கேயின் மேசையில்தான் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1760-இல் மொராவியர்களே தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறு அருகே தோட்டம் அமைத்துக் கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள். அவர்கள் கண் நிக்கோபார் தீவுகள்மேல் இருந்தது; 1768 முதல் அங்கே முயன்றும் காய்ச்சல் பலரைக் கொண்டுபோனதால் இருபதாண்டுக்குள் திரும்பினார்கள். ஹாலே மிஷனெரிகள் அவர்களைப் போட்டியாளர்களாகவே பார்த்தார்கள். 1803-இல் தரங்கம்பாடிக் குடியிருப்பும் முடிவுக்கு வந்தது.

தமிழ்க் கிறிஸ்தவருக்கு வசனத்தைச் சீட்டாக எடுப்பது வேறு வழியில் பழக்கமானது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் அடுக்கிய வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, ஆண்டு முழுக்க வேதாகமத்துக்குள்ளோ ஃபிரிட்ஜ் கதவிலோ வைத்துக்கொள்வது இங்கே பல சபைகளில் வழக்கம். ஜெர்மன் பக்தி இயக்கத்திலும் இதற்கு உறவான ஒன்று உண்டு: ஹாலே வட்டத்தைச் சேர்ந்த போகட்ஸ்கி 1718-இல் வெளியிட்ட 'பொற்கருவூலம்', சீட்டுகளாகப் பெட்டியிலும் புழங்கியது. கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அட்டை எடுத்தவருக்கு மட்டும் உரியது. அதனால் வேலை கிடைக்குமா, விசா வருமா என்பதற்கான பதிலாக அது எளிதில் மாறிவிடுகிறது. ஹெர்ன்ஹூட் வசனத்தையும் அப்படிக் கையாள்பவர்கள் உண்டு. ஆனால் அதே வசனம் அன்று பக்கத்து வீட்டுக்காரருக்கும், தான்சானியாவில் இருப்பவருக்கும், தனக்குப் பிடிக்காதவருக்கும் வந்திருக்கிறது என்பது தனிப்பட்ட குறிகேட்டலுக்கு ஒரு கடிவாளம்.

போருக்குப் பின்

1945 மே மாதம், போர் முடிந்த நாட்களில், ஹெர்ன்ஹூட்டின் மையப் பகுதி தீக்கிரையானது. சபை ஆலயமும் எரிந்தது. 1953-இல் ஆலயத்தை மீண்டும் எழுப்பினார்கள். ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் அகப்பட்டுக்கொண்டபோதும் சீட்டு எடுப்பது நிற்கவில்லை. இரு ஜெர்மனிகளிலும் நூல் தனித்தனியே அச்சானது. வசனம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

ஜெர்மன் சபைகளில் சுவரொட்டியாக ஒட்டப்படும் 'ஆண்டு வசனம்' இந்நூலிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு. 1930-இல் ஓட்டோ ரீட்முல்லர் என்ற போதகர் இளைஞர் ஊழியத்துக்காகத் தொடங்கிய வழக்கம் அது. அரசியல் முழக்கங்கள் தெருவெங்கும் ஒலித்த காலத்தில் எதிர்க்குரலாக ஒரு வேத வாக்கியத்தை வைத்தார். இன்று அதைச் சபைகளின் கூட்டுக்குழு ஒன்று கூடிப்பேசித் தேர்ந்தெடுக்கிறது, சீட்டு இல்லை.

2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்டுக்கு 2015-இல் கிடைத்திருந்த தகுதியை விரிவாக்கி, ஹெர்ன்ஹூட்டையும் அமெரிக்காவின் பெத்லகேமையும் வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில்லையும் மொராவியக் குடியிருப்புகள் என்ற பெயரில் பட்டியலில் சேர்த்தது.