வாசலில் ஒட்டிய கியூஆர் குறியீடு யாரைக் கண்காணிக்கிறது?

வீடுவீடாகக் குப்பை பெறும் பணியில் நகராட்சிகள் அண்மை ஆண்டுகளில் புகுத்தியுள்ள கருவிகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. வீட்டு வாசலில் கியூஆர் குறியீட்டு அட்டை, பேட்டரி வாகனத்தில் ஜிபிஎஸ், பணியாளரின் கைப்பேசியில் ஒரு செயலி, வேலைக்கு வரும்போதும் முடிக்கும்போதும் முகப்பதிவு. அட்டையை ஸ்கேன் செய்ததும் அலுவலகத் திரையில் அந்த வீடு பச்சையாகிறது. அன்று எத்தனை வீடுகள் பச்சை என்பதே மேலிடத்துக்குச் செல்லும் அறிக்கை.

அந்தப் பச்சைப் புள்ளி சொல்வது ஒன்றே: பணியாளர் அவ்வாசலுக்கு வந்தார். வீட்டார் குப்பையைப் பிரித்துக் கொடுத்தார்களா, சோற்றுக்கும் காய்கறித் தோலுக்கும் நடுவே சானிட்டரி நாப்கினும் உடைந்த கண்ணாடியும் கிடந்தனவா என்பதைப் பதியச் செயலியில் பெரும்பாலும் இடமில்லை. இடம் இருந்தாலும் அப்பதிவின் மீது நடவடிக்கை தொடர்வதை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

சட்டம் கடமையை வைத்த இடம் வேறு. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டினரின் கடமையாக்கின. கையுறை, முகக்கவசம், காலணி, மழையங்கி ஆகியவற்றைப் பணியாளருக்கு வழங்குவதை உறுதிசெய்யும் பொறுப்பை உள்ளாட்சிக்கு அளித்தன.

இந்திய நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை. ஈரம் மிகுந்த அது பிறவற்றோடு கலந்துவிட்டால் இரண்டுமே பயனற்றுப் போகின்றன. நுண் உரமாக்கல் மையத்தில் கொட்டப்படும் கலப்புக் குப்பையை யாரேனும் கையால் கிளறிப் பிரிக்க வேண்டும். அந்தக் கைகள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அருந்ததியர், ஆதி ஆந்திரர் உள்ளிட்ட தலித் மக்களின் கைகள். பிரிக்கப்படாமல் குப்பைமேட்டுக்குப் போனால் அது காற்றின்றி அழுகி மீத்தேனாகித் தீப்பிடிக்கிறது. கொடுங்கையூரில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் உழைக்கும் எளிய மக்களே. சட்டப்படி வீட்டினருக்குரிய கடமை, நடைமுறையில் சாதியின் வழியே இன்னொருவர் மேல் இறக்கப்படுகிறது. செயலி அந்த இறக்கத்தைப் பதிவதில்லை.

பணியாளரையோ அது நன்றாகவே பதிகிறது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் கைக்கடிகாரங்கள் கட்டப்பட்டன. அதில் கேமராவும் இருக்குமோ என்ற அச்சத்தில் கழிப்பறைக்குச் செல்லவும் கூசுவதாகப் பெண் பணியாளர்கள் கூறினர். ஊதியப் பிடித்தத்தை எதிர்த்தும் போராட்டங்கள் நடந்தன. ஆணையரின் கையில் அத்தகைய கடிகாரம் ஏதும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் குறுக்கிட, சட்ட அடிப்படையும் முறையான நோக்கமும் தேவைக்கு மிகாத அளவும் வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் இக்கடிகாரம் என்று எழுத்தில் கேட்பது முதல் வேலை.

இதனால் தொழில்நுட்பமே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடன்று. வாகனத்தில் ஒரு தராசு இருந்து, தெருவாரியாக மக்கும் குப்பையின் எடை பதிவானால், எந்தத் தெரு பிரிக்கவில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கலப்புக் குப்பையைப் பெற மறுக்கும் உரிமை பணியாளருக்கு இருந்து, அவர் எடுக்கும் படம் நேராக நகராட்சியின் அபராத அறிவிப்பாக மாறினால் கண்காணிப்பின் திசையே மாறும். வாசலில் நின்று வசவு வாங்கும் நிலையும் குறையும். ஆலப்புழையில் 2012இல் சர்வோதயபுரம் மக்கள் தம் ஊருக்குள் குப்பை லாரிகளை விடாது மறித்த பின்னர், நகரம் குப்பையை அனுப்புவதைக் குறைத்து, வீட்டு உயிர்வாயுக் கலன்களையும் தும்பூர்முழி உரத்தொட்டிகளையும் நாடியது. சாணமும் சருகும் அடுக்கி, காற்றோட்டம் விட்டு, சுமார் 90 நாளில் உரமாக்கும் எளிய முறை அது. (தொழில்நுட்பம் என்றதும் நமக்குத் திரைதான் நினைவுக்கு வருகிறது, தொட்டி வருவதில்லை.) புனேயில் குப்பை சேகரிப்போரே உறுப்பினரான ஸ்வச் கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடுகளில் கட்டணம் பெற்றுப் பணியாற்றத் தொடங்கியது. அங்கு ஒப்பந்ததாரர் என்ற இடைத்தரகர் இல்லை.

அத்தகைய ஏற்பாடு இல்லாத நம் ஊர்களில், ஏற்கெனவே இருக்கும் பதிவை நாம் சான்றாக்கலாம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு நிரந்தரத் தகுதி கோரும் உரிமை தருகிறது. அது தமக்குப் பொருந்தாது என உள்ளாட்சிகள் வாதிடும். அவ்வாதம் தனியே எதிர்கொள்ளப்பட வேண்டியது. ஆனால் வருகைப் பதிவேடே இல்லை என்ற பழைய பதில் இனிச் செல்லாது. முகப்பதிவு நாள்கணக்கைச் சொல்கிறது. வழித்தடத்தை வகுத்ததும் தாமதத்துக்கு விளக்கம் கேட்டதும் நகராட்சி அலுவலர் என்பதைச் செயலியே காட்டினால், ஒப்பந்தம் வெறும் காகிதத் திரை என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று அரிது. கட்டுப்பாடும் மேற்பார்வையும் யாரிடம் என்பதையே நீதிமன்றங்கள் முதன்மையாக நோக்குகின்றன.

2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறுவனத்தின் முதன்மைப் பணியில் ஒப்பந்த முறையைத் தடைசெய்கிறது. ஆனால் துப்புரவையும் கழிவு சேகரிப்பையும் அதிலிருந்து விலக்குகிறது. நிறுவனமே அப்பணிக்காக அமைக்கப்பட்டதாயின் அவ்விலக்கு இல்லை. அரசமைப்பின் 12ஆம் அட்டவணை திடக்கழிவு மேலாண்மையை நகராட்சியின் பணிகளுள் ஒன்றாக வரிசை எண் 6இல் வைத்திருக்கிறது. இவ்வாதத்தை ஒவ்வொரு மனுவிலும் எழுப்ப வேண்டும்.

பதிவைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பொது அதிகார அமைப்பு சட்டப்படி அணுகக்கூடிய தனியார் நிறுவனத்தின் தகவலும் அச்சட்டத்தில் தகவலே. தனிநபர் தகவல் என்று மறுக்க இடந்தராமல், ஒவ்வொரு பணியாளரும் தம் பதிவைத் தாமே கேட்பது நலம். தெருவாரி எடைக்கணக்கைச் சங்கம் கேட்கலாம். மின்னணுப் பதிவாயின் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் தேவைப்படும். கைப்பேசித் திரைப்படம் மட்டும் போதாது. ஒப்பந்ததாரர் மாறும்போது சர்வரும் அவரோடு போய்விடக்கூடும். ஆகவே பதிவுகளை அழிக்காது பாதுகாக்கக் கோரும் கடிதம், ஒப்பந்தம் முடியும் மாதத்துக்கு முன்பே ஆணையர் அலுவலகத்தில் ஒப்புகை பெற்றிருக்க வேண்டும்.